வாய்ப்புகை நாளின் சாக்லேட் பால்

குளிர்காலம் வந்துவிட்டது என்று மற்றவர்களுக்குக் காலண்டர் சொல்லும். அந்தச் சலவைக்கூடத்துக்கு மட்டும் வாய்ப்புகைதான் சொல்லும். காலையில் வேலைக்கு வருகிறவர்களில் யார் வாயிலிருந்து முதலில் மூச்சு புகையாக வெளியே தெரிகிறதோ, அந்த ஆள் அன்றைக்கு ஒரு பெரிய சாக்லேட் கட்டி வாங்கி வரவேண்டும். அதைப் பாலில் கரைத்து எல்லாருக்கும் ஊற்றிக் கொடுப்பது துணி தேய்க்கிற பிரஸ்காரர் பொறுப்பு. எவர் வைத்த சட்டமோ தெரியாது. முதலாளியம்மாவின் அப்பா காலத்திலேயே இருந்ததாம். கடைகளில் இதையே ஹாட் சாக்லேட் என்று கண்ணாடிக் கோப்பையில் நுரை தள்ளிக் கொடுப்பார்கள். இங்கே அதற்குப் பெயர் சாக்லேட் பால். குடிப்பது எனாமல் குவளையில்.

குளிர் எட்டிப் பார்க்கும் நாட்களில் அந்தக் கூடத்தின் வாசலைப் பார்க்க வேண்டுமே! தெருமுனை திரும்பும்போதே ஆளாளுக்கு வாயைப் பூட்டிக்கொள்வார்கள். வெந்நீரை வாயில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் மாதிரி கன்னம் உப்பியிருக்கும். வணக்கத்துக்குத் தலையாட்டல், கேள்விக்குப் புருவம், கோபத்துக்கு முழங்கை. மூக்கு வழியாக வரும் புகை கணக்கில் சேராது; அதற்கும் ஒரு வருடம் வாய்ச்சண்டை போட்டுத்தான் தீர்ப்பாகியிருக்கிறது. உள்கதவைத் தாண்டிவிட்டால் பிழைத்தோம் என்று அர்த்தம். உள்ளே எந்த வாயிலிருந்து வருவது புகை, எந்தக் குழாயிலிருந்து வருவது ஆவி என்று யார் கண்டது?

அந்த ஆவிக்குள் நின்று பாதி ஆயுளைக் கழித்தவர் பிரஸ்காரர். கூடத்தில் எல்லாருக்கும் அவர் மூக்கர். நேரில் கூப்பிடும்போது மூக்கண்ணன். பெயர் வைத்தது அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, பாய்லர்காரர். கேலிக்கு வைத்த பெயர் பட்டமாக நிலைத்துவிட்டது, ஏனென்றால் அந்த மூக்கு அப்படிப்பட்டது. ஓட்டல் மேஜை விரிப்பை உதறும்போதே, சமையல்காரர் நேற்று எதைக் கருக்கினார் என்று சொல்லிவிடுவார். ஒரு கோட்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "இவங்க வீட்ல நாய் இருக்கு. அதுக்கு மழைன்னா ஆகாது" என்பார். கோட்டுக்காரர் வாங்க வரும்போது மச்சான் வேண்டுமென்றே விசாரிப்பார். ஆமாம் என்ற பதில் வரும்போது மச்சானுக்கு முகம் சுண்டிப்போகும்.

விளையாட்டு ஒருபுறம் இருக்க, பிரஸ்ஸில் நிற்பவருக்கு மூக்குதான் சோறு போடுகிறது. அந்தப் பிரஸ் கிழட்டு மிஷின். அதன் சூட்டுமுள் சுத்தப் பொய்க்காரன்; இல்லாத சூட்டைக் காட்டும், இருக்கும் சூட்டை மறைக்கும். காலால் மிதித்தால் மேல்மூடி இறங்கித் துணியை அழுத்தும். துணி பழுப்பதற்குச் சற்று முன்னால், ரொட்டியை லேசாக வாட்டினால் வருமே, அந்த மாதிரி ஒரு வாசனை மெல்லிசாகக் கிளம்பும். அந்தக் கணத்தில் மூடியைத் தூக்கினால் விரிப்பு பால்போல வெளுப்பாக வரும். தவறவிட்டால் முதுகில் அடிபட்ட தழும்பு மாதிரி ஒரு பழுப்புப் பட்டை. அது எந்தச் சோப்புக்கும் மசியாது.

இந்த வருட மழைக்காலத்தின் கடைசியில் மூக்கருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. வந்தது சும்மா போகவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி கிளம்பும்போது குடையையும் தூக்கிக்கொண்டு போனதுபோல, அவர் மூக்கிலிருந்த வாசனையையெல்லாம் வழித்துக்கொண்டு போய்விட்டது. சோப்பில் மணமில்லை. மனைவி தலையில் மணமில்லை. வாயில் போட்டால் உப்பு, இனிப்பு என்று தெரியும். அதற்கு மேல் உலகம் வெறும் காகிதம்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அவருக்கு முன்னால் பிரஸ்ஸில் நின்றவர் வரிசையாகத் துணிகளைக் கருக்கியபோது முதலாளியம்மா ஒரு வார்த்தை அதட்டவில்லை. "நாளையிலேருந்து ஈரப்பக்கம் போயிருங்க" என்றார், அவ்வளவுதான். ஈரப்பக்கம் என்றால் நனைந்த மூட்டைகளை இழுத்துப் பிரித்து அலசுகிற இடம். குளிர்காலத்தில் அங்கே கை முழங்கைவரை மரத்துப்போகும். சோறு உண்ணும்போது விரல் யாருடையதோ மாதிரி இருக்கும். அந்த மனிதர் ஒரே குளிர்காலத்தில் பத்து வயது கூடினவர்போல ஆகி, வேலையை விட்டே போனார். மூக்கருக்கு முழங்காலும் சரியில்லை. அதைவிட, பிரஸ்ஸை விட்டு நகர்ந்தால் தாம் யார் என்பதே அவருக்குப் பிடிபடவில்லை.

கனவில் மட்டும் மூக்கு வேலை செய்தது. அதுதான் விசித்திரம். விடியும் நேரத்தில், போர்வைக்குள், எல்லாம் திரும்பி வரும். மழை விழுந்த தார்ரோடு, புதுச் செருப்பு, தீக்குச்சி அணைந்த நொடி. ஒருநாள் கனவில் ஒரு வெள்ளை விரிப்பு வானம்வரை நீண்டு கிடந்தது. அவர் அதன்மேல் நடந்து போகப் போக, ஒவ்வொரு மடிப்பிலிருந்தும் ஒவ்வொரு வாசனை எழுந்து கையைப் பிடித்தது. விழித்ததும் மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார். வெறும் காற்று. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியைப் பார்த்துவிட்டு எழுந்து போவார்.

பிரஸ்ஸில் எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்தார். மனசுக்குள் எண்ணுவார். துணியின் ஓரத்தில் கண்ணை ஊன்றுவார். மூடியில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். இன்றுவரை ஒரு துணிகூடக் கருகவில்லை. 'மூக்கு போனாலும் மூளை இருக்குதுடா' என்று தமக்குத் தாமே தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

ஒரே தொல்லை, பிரஸ்ஸுக்குப் பக்கத்து மேஜையில் துணி மடிக்கிற மடிப்பக்காவின் இருமல். அந்த அம்மாள் வாய்க்கு ஊரே பயப்படும். மழைக்காலம் முடிந்ததிலிருந்து அவளுக்கு ஒரு வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது. நன்றாகப் பேசிக்கொண்டிருப்பாள், திடீரென்று 'கொக்' என்பாள். மூக்கருக்கு உடல் தூக்கிவாரிப் போடும். அந்த அதிர்ச்சியில் கால் மிதியை விட்டுவிடும், மூடி எழும்பிவிடும்.

"இந்த இருமலை இப்படியே விட்டா நெஞ்சுல தங்கிரும். டாக்டரைப் போய்ப் பாரு" என்பார்.

"பாக்கலாம் பாக்கலாம். நீ துணியைப் பாருண்ணே" என்பாள் மடிப்பக்கா.

மனசு கேட்காமல் ஒருநாள் அவரே இருமல் மருந்து ஒரு பாட்டில் வாங்கி வந்து நீட்டினார். அவள் பாட்டிலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவர் கண்ணெதிரிலேயே ஒரு மூடி ஊற்றிக் குடித்து, முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டாள். ஆனாலும் இருமல் நிற்கவில்லை.

இப்படியிருக்க, வாய்ப்புகை நாள் வந்தது.

அன்றைக்குத் தெரு முழுதும் பஞ்சு போட்டு மூடினதுபோல வெளுத்திருந்தது. விளக்குக் கம்பங்கள் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தன. ஆட்கள் அந்த வெண்மைக்குள்ளிருந்து ஒவ்வொருவராகப் பிறந்து வந்தார்கள், வாயை மூடியபடி. மூக்கரும் மனைவியும் வந்தார்கள். அவர் மனைவிக்கு அங்கே பிரிக்கிற மேஜையில் வேலை. வருகிற துணிகளின் பையெல்லாம் துழாவி, உள்ளே இருப்பதை எடுத்து வைத்துவிட்டுத்தான் சலவைக்கு அனுப்புவார். மடிப்பக்கா மஃப்ளரைக் கண்வரை சுற்றியிருந்தாள். பாய்லர்காரர் சைக்கிளை வாசல் சுவரில் சாத்திவிட்டு, உதட்டை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தபடி உள்கதவை நோக்கி விறுவிறுவென்று நடந்தார்.

அப்போதுதான் துணி ஏற்றும் வேன் பின்பக்கமாக வந்தது. நேராகச் சைக்கிளை நோக்கி.

"ஏய்! ஏய்! நிறுத்துடா! என் சைக்கிளு!"

வேன் நின்றது. பாய்லர்காரர் வாயிலிருந்து ரயில் எஞ்சின் கணக்காகப் புகை போய்க்கொண்டிருந்தது. பிறகு வாசலில் இருந்த அத்தனை வாயும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன.

"ஆபத்துக்குப் பாவமில்லை! இது கணக்குல வராது!" என்று அவர் கத்தினார். கத்தக் கத்த இன்னும் புகை.

"சட்டம் சட்டந்தான் தம்பி. கடை திறந்ததும் போ" என்றார் அவருடைய அக்கா, மூக்கரின் மனைவி.

"கூடப் பொறந்தவளா நீ? எதிரிக்கட்சி!"

சாக்லேட் கட்டி வந்தது. செங்கல் பருமன், கறுப்பு, ஓரத்தில் பளபளப்பு. அதை மூக்கர் கையில் வைத்து, "மாமா, போன வருசம் மாதிரி பண்ணிராதீங்க. அது சாக்லேட் பாலா, சாக்லேட் படத்தைக் கழுவின தண்ணியான்னு இன்னும் எனக்குச் சந்தேகம்" என்றார் மச்சான்.

மூக்கர் சிரித்தார்.

சாக்லேட் பாலுக்கு அவருக்கென்று ஒரு முறை உண்டு. கட்டியைச் சுத்தமான கைக்குட்டையில் சுற்றி, பிரஸ்ஸிலிருந்து அப்போதுதான் எடுத்த இரண்டு விரிப்புகளுக்கு நடுவில் படுக்க வைப்பார், குழந்தையைத் தூங்கப் போடுவதுபோல. அது உள்ளே தானாக இளகும். பாலைச் சுவரோரத்து அடுப்பில் ஏற்றிவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிரஸ்ஸில் வேலை பார்ப்பார். திரும்பியே பார்க்க மாட்டார். பால் பக்குவத்துக்கு வந்ததும் மூக்கு சொல்லும். அப்போது போய் இளகின சாக்லேட்டை வழித்துப் போட்டுக் கிளறுவார். முதுகைக் காட்டிக்கொண்டு பால் காய்ச்சுகிற மனிதர் என்று அதற்கே ஒரு பெயர் அவருக்கு.

இந்த வருடம் அடுப்புக்கு முன்னால் நின்று பாலைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் நின்றால் கேட்பார்களே. ஆகவே எப்போதும்போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மனசுக்குள் எண்ண ஆரம்பித்தார்.

பாதி எண்ணிக்கொண்டிருக்கும்போது முதலாளியம்மா கையில் ஒரு வெல்வெட் திரைச்சீலையோடு வந்தார். "அண்ணே, இதை ஆவியில காட்டலாமா? முடி அமுங்கிருமா?"

"திருப்பிப் போட்டுக் காட்டலாம்மா. மூடி படக்கூடாது."

"அந்த மடிப்பு இருக்கே, இந்த ஓரத்துல?"

அந்த ஓரத்து மடிப்பைப் பார்த்தார்கள். இந்த ஓரத்தையும் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து மடிப்பக்கா, கட்டின மூட்டைகளை வண்டியில் வைத்து முன்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தாள். மூக்கரின் எண்ணிக்கை எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை. முதலாளியம்மா நகர்ந்ததும், 'இருக்கட்டும், இன்னும் கொஞ்சம்' என்று ஒரு குத்துமதிப்பில் விட்டார். பிறகு போய்ச் சாக்லேட்டைப் போட்டு அடியிலிருந்து நன்றாகக் கிளறினார். கிளறும்போது கரண்டியில் பழுப்பாகச் சில துணுக்குகள் ஏறின. சாக்லேட்தான் இன்னும் கரையவில்லை என்று நினைத்தார்.

குவளைகள் கைமாறின. வெளியே ஜன்னல் கண்ணாடி முழுக்க வெண்மை; உள்ளே அதைவிட மெல்லிய வெண்மை. குழாய்கள் பெருமூச்சு விட்டன. மிஷின்களை நிறுத்திவிட்டு எல்லாரும் துணி மூட்டைகள்மேல் சாய்ந்து உட்கார்ந்து, குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள். வருடத்தில் இந்த ஒரு நேரம் மட்டும் அந்தக் கூடம் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் மிதக்கும்.

முதல் மிடறு.

மூக்கர் தாமும் குடித்துப் பார்த்தார். இனிப்பு இருந்தது, சூடு இருந்தது. எல்லார் முகத்தையும் பார்த்தார். மனைவி குவளைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். மடிப்பக்கா எதையோ மென்று விழுங்குவதுபோல விழுங்கினாள்.

"எப்படியிருக்கு?" என்றார்.

பாய்லர்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நல்லாருக்கு மாமா. ரொம்ப நல்லாருக்கு. இந்த மாதிரி நான் குடிச்சதே இல்ல."

அவ்வளவுதான். மூக்கரின் கை அப்படியே நின்றது. கல்யாணப் பந்தலில் தாம் மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தபோதே இந்த மச்சான், 'சட்டை கொஞ்சம் பெரிசு மாமா' என்று குறை சொன்னவர். அன்றிலிருந்து இன்றுவரை ஒன்றை நல்லா இருக்கிறது என்று அவர் வாய் சொன்னதில்லை. அந்த வாய் புகழ்கிறது என்றால் எங்கேயோ வீடு தீப்பிடித்திருக்கிறது.

மனைவி பக்கம் திரும்பினார். "இந்தா, நீ சொல்லு. என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லைங்க."

"சொல்லு."

மனைவி குவளையைக் கீழே வைத்தார். "அடிப்பிடிச்சிருச்சுங்க. நல்லாவே."

ஒரு குழாய் மட்டும் 'உஸ்' என்றது. முதலாளியம்மா தமது குவளையை மறுபடி வாயில் வைத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார். "உங்களுக்குத் தெரியலையாண்ணே?"

இனி மறைத்து என்ன செய்ய? "காய்ச்சல்ல போயிருச்சும்மா" என்றார் மூக்கர். "வாசனை ஒண்ணும் தெரியறதில்ல."

"காய்ச்சல் வந்து எவ்வளவு காலமாச்சு! அதுக்கப்புறம் ஒரு துணிகூடக் கருகலையே?"

"எண்ணி எண்ணிப் பாத்தேம்மா. கண்ணால பாத்தேன். பழக்கந்தானே" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மடிப்பக்கா சிரித்துவிட்டாள். குவளை தளும்பி மடியில் கொட்டியது.

"எண்ணிப் பாத்தாராம்! எண்ணி! அண்ணே, நான் எதுக்கு இருமுறேன்னு நெனச்சே?"

மூக்கர் பிரஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார்.

"துணி பழுக்கப்போற வாடை வர்ற நேரமெல்லாம் ஒரு 'கொக்'. தொண்டை புண்ணாப் போச்சு. அதுல நீ வேற மருந்து வாங்கிக் குடுத்து, முன்னாடியே நின்னு குடிக்க வெச்சே. அந்தக் கசப்பு இருக்கே, அதுக்கு அடிப்பிடிச்ச பால் எவ்வளவோ மேல்!"

"உனக்கு யார் சொன்னது?"

மடிப்பக்கா அவர் மனைவியைப் பார்த்தாள். மனைவி சேலைத் தலைப்பைத் திருகினார். "புளிச்சுப்போன சூப்பைக் குடிச்சிட்டு, நல்லாருக்கு, இன்னும் ஊத்துன்னீங்களே. அன்னிக்கே தெரியும். நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். சொல்லலை. அதான் இவகிட்டச் சொல்லி வெச்சேன்."

"எனக்கும் தெரியும்" என்றார் பாய்லர்காரர். "பெயரை மாத்திரலாமான்னு யோசிச்சேன். வேற பெயர் எதுவும் பொருந்தலை."

ஆக, முதலாளியம்மாவைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தாம் தனியாக இருட்டில் நடந்துகொண்டிருப்பதாக அவர் நினைத்த வழியெல்லாம், பக்கத்திலேயே ஆட்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் நடந்து வந்திருக்கிறார்கள். மூக்கருக்குத் தலை நிமிரவில்லை. எழுந்து நின்றார். "நாளையிலேருந்து ஈரப்பக்கம் போயிடறேம்மா."

முதலாளியம்மா பிரஸ்ஸைப் பார்த்தார், பக்கத்து மேஜையைப் பார்த்தார், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பார்த்தார்.

"ஈரப்பக்கம் போய் என்ன பண்ணுவீங்க? அங்க இருமுறதுக்கு ஆள் கிடையாது" என்றார். "துணி கருகாம வருதில்ல? ஒரு ஆள் பாத்தா என்ன, ரெண்டு ஆள் பாத்தா என்ன. அந்த மேஜையை இன்னும் கொஞ்சம் பக்கத்துல இழுத்துப் போடுங்க. ஆனா இனிமே என்கிட்ட ஒளிக்காதீங்க." என்றவர் மடிப்பக்கா பக்கம் திரும்பினார். "நீயும் இருமித் தொலையாதே. வாயைத் திறந்து 'தூக்கு'ன்னு சொல்லு."

"வாயைத் திறந்தா புகை வரும்மா" என்றாள் மடிப்பக்கா. "அப்புறம் அடுத்த வருசம் நான்தான் கட்டி வாங்கணும்."

கூடமே குலுங்கியது. மூக்கரும் சிரித்தார். சிரிக்கும்போது கண்ணில் நீர் வந்தது. ஆவி என்று துடைத்துக்கொண்டார். யாரும் மறுக்கவில்லை.

கட்டியில் பாதி மிச்சம் இருந்தது. பால் இன்னொரு தடவை ஏறியது. இந்தத் தடவையும் மூக்கர் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார். அப்படி நின்றால்தான் பால் நன்றாக வரும் என்று எல்லாரும் சேர்ந்து வற்புறுத்தினார்கள். அடுப்பருகே மச்சான் நாய்க்குட்டி மாதிரி மூக்கை நீட்டிக்கொண்டு நின்றார். "இப்ப இறக்கலாம் மாமா. இல்ல, இருங்க. ம், இப்ப. ஐயோ, சீக்கிரம்!"

குவளை சூடாகக் கைக்கு வந்ததும் மூக்கர் துணி மூட்டைமேல் சாய்ந்தார். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எப்படியிருக்கு வாசனை?"

மனைவி குவளைக்குமேல் முகத்தைக் கொண்டுபோய் யோசித்தார். பைகளைத் துழாவியே பழகினவர். வாசனையையும் அப்படித்தான் துழாவி எடுத்தார். "பழைய மரப்பெட்டியைத் திறந்தா வருமே, முதல்ல அது. அப்புறம்… குளிருல நனைஞ்ச கம்பளியை அடுப்புக்கிட்டக் காயப் போட்டா ஒரு கதகதப்பு வருமே. அதுக்கு உள்ளே ஒரு கசப்பு. அது நல்ல கசப்பு."

"இவ்வளவுதானா?" என்றார் கண்ணை மூடிக்கொண்டு.

"நம்ம முதல்ல குடியிருந்த வீட்டு ஜன்னல் கதவு இருக்குல்ல, வெயில் பட்டு உள்பக்கம் ஒரு மணம் வரும். கடைசியில அது வருது."

அவர் ஒரு மிடறு குடித்தார். சூடு தொண்டைவழியாக இறங்கி மார்பில் பரந்தது. முதுகுக்குப் பின்னால் சற்றுமுன் பிரஸ்ஸிலிருந்து வந்த விரிப்புகள், உயிருள்ள ஒன்றின் வயிறுபோல இளஞ்சூடாக இருந்தன. ஜன்னலின் வெண்மை மெல்ல உள்ளே வந்து ஆவியோடு கலந்தது. ஆட்களின் குரல்கள் தூரமாயின. மரப்பெட்டி திறந்தது. நனைந்த கம்பளி காய்ந்தது. அந்தப் பழைய ஜன்னல் கதவு ஒருக்களித்து நின்றது. அதன் உள்பக்கத்தில் வெயில். கறுப்பாய், கசப்பாய், இனிப்பாய், எல்லா வாசனையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. மூக்கர் மூச்சை இழுத்துக்கொண்டே இருந்தார்.

அப்படி எவ்வளவு நேரம் போனதோ. வேலை தொடங்கிவிட்டதுகூட அவருக்குத் தெரியாது; யாரோ கையைப் பிடித்துப் பிரஸ்ஸுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள், யாரோ விரிப்பைப் போட்டார்கள், கால் தன் பாட்டுக்கு மிதியை மிதித்தது. கண் பாதி மூடியிருந்தது. உதட்டோரத்தில் சாக்லேட் காய்ந்திருந்தது.

பக்கத்து மேஜையிலிருந்து, 'கொக்'.

கண் திறப்பதற்கு முன்னாலேயே கால் விட்டது. மூடி எழும்பியது. உள்ளே விரிப்பு பால்போல வெள்ளையாக இருந்தது.